ஐ.எஸ்.ஓ. மேல் பழி போடாதீர்கள்

மாலை ஏழு மணி. கூடத்தில் ட்யூப்லைட் எரிகிறது. தரையில் உட்கார்ந்து குழந்தை கட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த வெளிச்சத்தில் நம்மால் செய்தித்தாள் படிக்க முடியும், ஊசியில் நூல் கோக்க முடியும். கேமராவை எடுத்தால் மட்டும் வம்பு. ஒன்று படம் கலங்கி வருகிறது, அல்லது குழந்தையின் கன்னமெல்லாம் நிறப் புள்ளிகள் பொரிந்து வருகின்றன. உடனே பழி, படத்தின் பிரகாசத்தைக் கூட்டும் அமைப்பான ஐ.எஸ்.ஓ. மேல் விழுகிறது. "ஐ.எஸ்.ஓ.வை ஏத்தினா கிரெயின்ஸ் வரும், 800-ஐத் தாண்டவே கூடாது" என்பது கேமரா வாங்கிய முதல் வாரத்திலேயே எல்லோர் காதிலும் விழுந்துவிடும் அறிவுரை. அது தவறு. எப்படித் தவறு என்று தெரிந்துகொண்டால், இருட்டில் படம் எடுப்பதில் பாதித் தொல்லை தீர்ந்துவிடும்.

முதலில் கூடத்தில் எவ்வளவு வெளிச்சம் இருக்கிறது என்று பார்ப்போம். வெளிச்சத்தை லக்ஸ் கணக்கில் அளக்கிறார்கள். உச்சி வெயிலில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். இரவு நேரத்து வீட்டுக் கூடத்தில் 100 லக்ஸ் இருந்தாலே தாராளம். அதாவது வெயிலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கண் இந்தப் பாரதூரமான வித்தியாசத்தை நமக்குச் சொல்வதே இல்லை. பாவை விரிகிறது, விழித்திரை தன் உணர்திறனை மாற்றிக்கொள்கிறது, மிச்சத்தை மூளை சரிக்கட்டிவிடுகிறது. கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. வந்த வெளிச்சத்தை எண்ணிக் காட்டுவது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

எண்ணுவது என்று சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஒளி தனித்தனிப் பொட்டலங்களாக ஆற்றலைத் தருகிறது என்று ஐன்ஸ்டைன் 1905-இல் விளக்கினார். அந்த விளக்கத்துக்காகத்தான் அவருக்கு 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது, சார்பியலுக்காக அல்ல. அந்தப் பொட்டலங்களை ஃபோட்டான் என்கிறோம். கேமராவின் சென்சாரில் ஒரு ஃபோட்டான் விழுந்து பிடிபட்டால் ஓர் எலக்ட்ரான் விடுபடும். ஷட்டர் மூடியதும் ஒவ்வொரு பிக்சலிலும் எத்தனை எலக்ட்ரான் சேர்ந்திருக்கிறது என்று கேமரா பார்க்கிறது. படம் என்பது அந்த எண்களின் பட்டியல்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஃபோட்டான்கள் வரிசையில் நின்று ஒழுங்காக வருவதில்லை. மொட்டை மாடியில் தூறல் விழத் தொடங்கும்போது தரை ஓடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஓட்டில் மூன்று துளி, பக்கத்து ஓட்டில் ஏழு. வானம் எல்லா ஓட்டுக்கும் சமமாகத்தான் பொழிகிறது. ஆனாலும் தூறலில் தரை புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். அடைமழை பிடித்துக்கொண்ட பிறகு எந்த ஓட்டுக்கும் வேறுபாடு தெரியாது.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு எளிய கணக்கு உண்டு. சராசரியாக 100 ஃபோட்டான் வரவேண்டிய இடத்தில், 100-இன் வர்க்கமூலமான 10 அளவுக்குக் கூடக் குறைய வரும். அது 10 சதவீதம். 10,000 வரவேண்டிய இடத்தில் 100 கூடக் குறைய வரும். அது வெறும் 1 சதவீதம். ஒளி நூறு மடங்கு கூடினால் புள்ளிப் பொரிவு பத்தில் ஒன்றாகிவிடும். இது சென்சாரின் குறை அல்ல, ஒளியின் இயல்பே இதுதான். எத்தனை லட்சம் கொடுத்துக் கேமரா வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

உண்மையான கேமராவில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கலாம். ஐ.எஸ்.ஓ. 100-இல் ஒரு பிக்சல் வெள்ளை நிறத்துக்கு 50,000 எலக்ட்ரான் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெரிய சென்சார்களில் இதை ஒட்டிய அளவுகள் சாதாரணம். அதே படத்தில் குழந்தையின் கருத்த முடி வெள்ளையில் ஐம்பதில் ஒரு பங்கு ஒளியைத் தந்தால், அங்கே 1,000 எலக்ட்ரான் இருக்கும். ஏற்றத்தாழ்வு 32, அதாவது 3 சதவீதம். கண்ணுக்கே தெரியாது. ஐ.எஸ்.ஓ. 6400 வைத்து எடுக்கும்போது சென்சாருக்கு வருவது அதில் 64-இல் ஒரு பங்கு ஒளிதான். முடியில் இப்போது ஏறத்தாழ 16 எலக்ட்ரான், ஏற்றத்தாழ்வு 4. கால்வாசி! பொரிவு அங்கே பிறக்கிறது.

ஐ.எஸ்.ஓ. இதில் செய்தது என்ன? வந்து சேர்ந்த குறைந்த எண்ணிக்கையைப் பெருக்கி, படத்தைப் பார்க்கும்படி பிரகாசமாக்கியது. அவ்வளவே. ஒளி குறைவாக வந்ததற்கு அது காரணம் அல்ல. ஐ.எஸ்.ஓ.வை ஏற்றப் பயப்படுவதற்கு ஃபிலிம் காலத்தில் நியாயம் இருந்தது. வேகமான ஃபிலிமில் வெள்ளி உப்புப் படிகங்கள் பெரியவை. 400 ஃபிலிமை மாட்டினாலே வெயிலில் எடுத்த படத்திலும் மணல் மணலாகத் தெரியும். ஃபிலிம் போய்விட்டது, பயம் மட்டும் பரம்பரைச் சொத்தாகத் தங்கிவிட்டது. இன்று அந்தப் பயத்தோடு ஐ.எஸ்.ஓ.வை 800-இல் பூட்டிவைத்து, இருட்டாக வந்த படத்தைக் கணினியில் பிரகாசமாக்குகிறவர்களுக்குக் கிடைப்பது அதே பொரிவுதான். பழைய கேமராக்களில் அதைவிட மோசமாகவும் வரும், ஏனென்றால் எலக்ட்ரானை எண்ணும் சுற்றிலேயே ஒரு சிறு பிழை உண்டு, ஐ.எஸ்.ஓ.வை முன்கூட்டியே ஏற்றினால் அந்தப் பிழையின் பங்கு குறைகிறது. கலங்கிய படத்தை முழுதாகத் தெளிவாக்குவது கடினம். பொரிந்த படத்தைச் சுத்தம் செய்ய இன்று நல்ல மென்பொருள்கள் உண்டு. எனவே தேவைப்பட்டால் 6400-க்குத் துணிந்து போங்கள்.

ஆனால் அதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி, சென்சாருக்குக் கூடுதல் ஒளியை எப்படிக் கொண்டுசேர்ப்பது என்பது. வழிகள் சில உண்டு. அவற்றில் மலிவானதும் பலரும் கண்டுகொள்ளாததும் லென்ஸ்தான்.

கேமராவோடு சேர்த்துத் தரும் 18-55 மி.மீ. கிட் லென்ஸின் நெற்றியில் 3.5-5.6 என்று எழுதியிருக்கும். 55 மி.மீ.-க்கு ஜூம் செய்தால் அதன் துளை எஃப்/5.6-க்கு மேல் திறக்காது. கேனன், நிக்கான், சோனி மூன்றிலும் 50 மி.மீ. எஃப்/1.8 என்று ஒரு லென்ஸ் உண்டு. பெரும்பாலும் அவரவர் பட்டியலில் மலிவானவற்றில் ஒன்று. எஃப் எண் என்பது குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவது, அதனால்தான் எண் சிறுத்தால் துளை பெருக்கும். உள்ளே வரும் ஒளி துளையின் பரப்பைப் பொறுத்தது, 5.6-ஐ 1.8-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் ஏறத்தாழ 10. அதாவது இந்தக் குட்டி லென்ஸ் பத்து மடங்கு ஒளியைத் தருகிறது. கேமரா பாடியை மாற்றி இத்தனை லாபம் பார்க்க வேண்டுமானால் பல தலைமுறை தாண்ட வேண்டும்.

கூடத்துக் குழந்தைக்கே கணக்குப் போட்டுப் பார்ப்போம். நல்ல வெயிலில் எஃப்/16, 1/100 நொடி, ஐ.எஸ்.ஓ. 100 என்பது பழைய புகைப்படக்காரர்கள் மீட்டரே இல்லாமல் பயன்படுத்திய அளவு. ஒளி இரட்டிப்பாவதையோ பாதியாவதையோ ஒரு ஸ்டாப் என்பார்கள். வெயிலுக்கும் கூடத்துக்கும் உள்ள ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்பது பத்து ஸ்டாப். கிட் லென்ஸை எஃப்/5.6-க்குத் திறந்தால் மூன்று ஸ்டாப் கிடைக்கும். ஷட்டரை 1/50-க்கு இறக்கினால் இன்னொன்று. மீதி ஆறு ஸ்டாப்பை ஐ.எஸ்.ஓ. சுமக்க வேண்டும்: 6400. ஆனால் 1/50-இல் குழந்தை கையை அசைத்தாலே கை கரைந்துவிடும். 1/200 வேண்டுமென்றால் 25,600. அதே இடத்தில் எஃப்/1.8 லென்ஸ் இருந்தால் 1/200-க்கு 2,500 போதும். இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் மறுபடி கிட் லென்ஸை இரவில் மாட்ட மாட்டார்கள்.

துளையைத் திறப்பதற்கு ஒரு விலை உண்டு. நம் ஊரில் பெரும்பாலான அமெச்சூர்கள் வைத்திருக்கும் சற்றுச் சிறிய சென்சார் கொண்ட ஏபிஎஸ்-சி கேமராவில், 50 மி.மீ. லென்ஸை எஃப்/1.8-இல் வைத்து ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவரை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஆறேழு சென்டிமீட்டர்தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காது மென்மையாகிவிடும். அக்காவும் தம்பியும் முன்னும் பின்னுமாக உட்கார்ந்தால் ஒருவர்தான் தெளிவாக வருவார். இருவரையும் ஒரே வரிசையில் உட்காரவையுங்கள், அல்லது எஃப்/4-க்குப் போய் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றுங்கள். சிறிய அறைகளில் 50 மி.மீ. நெருக்கியடிக்கும், சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாலும் முழு ஆள் அடங்க மாட்டார். அப்படிப்பட்ட வீட்டுக்கு 35 மி.மீ. எஃப்/1.8 பொருத்தம்.

அடுத்த வழி நேரம். ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் அதிக ஃபோட்டான் சேரும். கை நடுக்கம்தான் தடை. ஷட்டர் நேரம் குவியத் தூரத்தின் தலைகீழ் எண்ணைவிட நீளக் கூடாது என்பது பழைய விதி: 50 மி.மீ.-க்கு 1/50, ஏபிஎஸ்-சி கேமராவில் ஒன்றரை மடங்கு சேர்த்து 1/75. லென்ஸிலோ பாடியிலோ நடுக்கத்தைத் தடுக்கும் ஏற்பாடு இருந்தால் இன்னும் கீழே போகலாம். அது உங்கள் கையைத்தான் அடக்கும், குழந்தையின் கையை அல்ல என்பதை விளம்பரங்கள் அழுத்திச் சொல்வதில்லை. அசையாத பொருளென்றால் ட்ரைபாடுக்கு நிகர் எதுவும் இல்லை. இரவுக் கோபுரமோ கொலுப் படியோ, ட்ரைபாடில் வைத்து இரண்டு நொடி டைமரைப் போட்டு ஐ.எஸ்.ஓ. 100-இலேயே எடுத்துவிடலாம். காற்றில் ஆடினால் நடுத்தண்டில் கேமரா பையைத் தொங்கவிடுங்கள்.

ஷட்டர் நேரத்தைப் பற்றி நம் நாட்டுக்கென்றே ஒரு குறிப்பு. இங்கே மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சோக் வைத்த பழைய ட்யூப்லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரிகின்றன. 1/250, 1/500 என்று வேகமாக எடுத்தால், அந்த ஏற்றத்தின் உச்சியில் ஒரு படமும் பள்ளத்தில் இன்னொன்றும் மாட்டும்; அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் ஒன்று வெளிச்சமாகவும் மற்றொன்று மங்கி நிறம் மாறியும் வரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் நிலைமை இன்னும் கெடும். சென்சார் வரி வரியாக வாசிக்கப்படுவதால் படத்தின் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழும். கேமரா பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. 1/50 அல்லது 1/100-க்கு மாற்றினால் பட்டைகள் மறைந்துவிடும், ஏனென்றால் விளக்கின் முழுச் சுற்று ஒன்றாவது அந்த நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது. கல்யாண மண்டபத்தில் வேலை செய்பவர்கள் இதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

சென்சாரின் அளவைப் பற்றித்தான் கடைக்காரர்கள் அதிகம் பேசுவார்கள். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ., பரப்பு 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி பெரும்பாலும் 367-ஐ ஒட்டி இருக்கும். விலை உயர்ந்த கைபேசியின் முதன்மைக் கேமராவிலேயே 70 சதுர மி.மீ. என்பது பெரிய சென்சார்தான். பரப்பு பெரிதானால் அதே எஃப் எண்ணில் மொத்தமாகச் சேரும் ஒளி கூடும். எனவே ஏபிஎஸ்-சியிலிருந்து ஃபுல் ஃப்ரேமுக்குப் போனால் லாபம் ஒரு ஸ்டாப்புக்குச் சற்று மேல். கிட் லென்ஸை விட்டு எஃப்/1.8 லென்ஸுக்குப் போனால் லாபம் மூன்று ஸ்டாப்புக்கு மேல். விலையையும் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மெகாபிக்சல் என்ற எண்ணுக்கு இந்தக் கதையில் பெரிய வேடம் இல்லை. 24 மெகாபிக்சல் படம் அகலத்தில் 6,000, உயரத்தில் 4,000 புள்ளிகள் கொண்டது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற தரமான அச்சில் அது 20 அங்குல அகலத்துக்கு வரும். 4கே தொலைக்காட்சியில் மொத்தமே 8.3 மெகாபிக்சல்தான். அதிக மெகாபிக்சல் என்றால் அதிக பொரிவு என்று சொல்வதும் முழு உண்மை அல்ல. ஒவ்வொரு பிக்சலையும் பெரிதாக்கிப் பார்த்தால் பொரிவு தெரியும், ஒரே அளவு அச்சில் பார்த்தால் வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும்.

இவ்வளவு சிறிய சென்சாரை வைத்துக்கொண்டு கைபேசி இரவில் எப்படிச் சமாளிக்கிறது? ஒரு படத்துக்குப் பதில் பல படங்களை வேகமாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றை ஒட்டிச் சராசரி எடுக்கிறது. கூகுள் 2018-இல் பிக்சல் கைபேசிகளில் நைட் சைட் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது. வேறு நிறுவனங்களும் இதே வழியில் போகின்றன. 16 படங்களைச் சேர்த்தால் பொரிவு நான்கில் ஒன்றாகும். வர்க்கமூலக் கணக்கேதான், மழையைத் தவணை முறையில் பிடிக்கிறார்கள். இதை உங்கள் கேமராவிலும் செய்யலாம். அசையாத காட்சியை ட்ரைபாடில் வைத்து 16 முறை எடுத்து, அடுக்கிச் சராசரி எடுக்கத் தெரிந்த மென்பொருளிடம் கொடுத்தால் போதும். விண்மீன்களைப் படமெடுப்பவர்களுக்கு இது அன்றாடப் பிழைப்பு.

ஒளி வேண்டும் என்பதற்காக எப்போதும் துளையை அகலத் திறந்து வைக்கச் சொல்லவில்லை. பகலில் இயற்கைக் காட்சி எடுப்பவர்களிடம் இதற்கு நேர்மாறான பழக்கம் ஒன்று இருக்கிறது: எல்லாம் தெளிவாக விழட்டும் என்று எஃப்/22-க்கு மூடிவிடுவது. சிறு துளை வழியே போகும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். ஒரு புள்ளி ஒளியும் சிறு வட்டாகத்தான் பதியும். அந்த வட்டின் கணக்கை ஜார்ஜ் ஏரி 1835-இலேயே எழுதிவிட்டார். எஃப்/8-இல் பச்சை ஒளிக்கு அந்த வட்டு சுமார் 11 மைக்ரான் அகலம். எஃப்/22-இல் 30 மைக்ரான். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் 4 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவு. ஏழெட்டு பிக்சல் அகலத்துக்கு ஒவ்வொரு புள்ளியும் அப்பிக்கொண்டால் தெளிவு எங்கிருந்து வரும்? எஃப்/8, மிஞ்சினால் எஃப்/11. அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இனி மீட்டர். கேமராவுக்குள் இருக்கும் ஒளிமானி எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். வெள்ளை வேட்டி சட்டையில் வரிசையாக நிற்கும் பெரியவர்களை எடுத்தால் வேட்டி அழுக்காக வரும். ஒரு ஸ்டாப் கூட்டி வையுங்கள். மார்கழியில் சபாவுக்குப் போனால் நேர்மாறு. பின்னால் இருட்டுத் திரை, நடுவில் விளக்கொளியில் பாடகர். கேமரா திரையைப் பார்த்துப் பயந்து ஒளியைக் கூட்டும், பாடகரின் முகமும் பட்டு ஜரிகையும் வெளுத்துப் போகும். ஒரு ஸ்டாப், சில நேரம் இரண்டு ஸ்டாப் குறைக்க வேண்டியிருக்கும். வெளுத்துப்போன இடத்தில் பிக்சல் நிரம்பி வழிந்துவிட்டது, அங்கே மீட்க எதுவும் இல்லை. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள்தான். சென்சார் தந்ததை அப்படியே வைத்திருக்கும் 14 பிட் ரா கோப்பில் 16,384. ராவில் எடுத்தால் பின்னால் திருத்த இடம் இருக்கும். திரையில் வரும் ஹிஸ்டோகிராமை (இருட்டை இடப்பக்கமும் வெளிச்சத்தை வலப்பக்கமும் காட்டும் வரைபடம்) பார்த்து, முக்கியமான எதுவும் வலது சுவரில் முட்டாமல், ஆனால் அதற்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக ஒளியைச் சேர்த்துவிடுங்கள். சேரும் ஒவ்வொரு ஃபோட்டானும் நிழலில் பொரிவைக் குறைக்கும்.

ஃப்ளாஷ் என்றாலே முகம் சுளிப்பவர்கள் அதை நேராக முகத்தில் அடித்தே பார்த்தவர்கள். தலை திருப்பக்கூடிய ஃப்ளாஷ் ஒன்றை வாங்கி வெள்ளைக் கூரையை நோக்கி அடித்தால் கூரையே பெரிய விளக்காகிவிடும். கூடம் முழுக்க மென்மையான ஒளி. கூரைக்குப் பச்சை அடித்திருந்தால் எல்லோரும் பச்சையாக வருவார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி கால்வாசியாகிவிடும். சபாவின் பின்வரிசையில் உட்கார்ந்து கேமராவின் குட்டி ஃப்ளாஷை மின்னவைப்பவர் முன்வரிசையின் தலைகளுக்குத்தான் ஒளி கொடுக்கிறார். பல சபாக்களில் ஃப்ளாஷுக்கு அனுமதியும் இல்லை.

கடைசியாக, கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு. எஃப்/1.8 லென்ஸ் வாங்கி, தோல் உறையில் வைத்து அலமாரியில் பூட்டினால் ஒரு மழைக்காலம் போதும். உள்ளே சிலந்தி வலைபோலப் பூஞ்சை படரும். அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தும் போகாது. டிரை கேபினட் வாங்க மனமில்லை என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் கேமராவைப் பையிலிருந்து எடுக்காதீர்கள். லென்ஸ் மேல் பனி படியும். அரை மணி நேரம் பை மூடியே இருக்கட்டும். தூசியை முதலில் புளோயரால் ஊதுங்கள், பிறகுதான் துணி. புடவைத் தலைப்பும் சட்டை நுனியும் லென்ஸ் துடைக்க வந்தவை அல்ல.

புது பாடி வாங்கப் பணம் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் எஃப்/1.8 லென்ஸ், அடுத்து ஆடாத ட்ரைபாட், அதன்பின் தலை திருப்பும் ஃப்ளாஷ். இந்த மூன்றும் இருந்தும் படம் பொரிந்தால், அப்போது பாடியை மாற்றுவதைப் பற்றி யோசிக்கலாம்.